அடைக்கலமும் காணிக்கையும்

ஒரு பொருள் ஒருவர் கையை விட்டு இன்னொருவர் கைக்குப் போகும்போது, அது விலையாகப் போகிறதா, காணிக்கையாகப் போகிறதா, அடைக்கலமாகப் போகிறதா என்று தெரியாமல் அந்தக் கைமாற்றத்தின் நியாயத்தைப் பேச முடியாது. விலையாகக் கொடுத்தது வாங்கியவருக்குச் சொந்தமாகிறது. காணிக்கையாகக் கொடுத்ததன் மீது கொடுத்தவருக்குப் பற்றே அற்றுப்போகிறது. அடைக்கலமாகக் கொடுத்ததோ யார் கையில் இருந்தாலும் கொடுத்தவருடையதாகவே இருக்கிறது. கூகுள், ஃபேஸ்புக் முதலிய இணையத் தளங்கள், தம்மைப் பயன்படுத்துவோரின் தனிநபர் தரவுகளை, அதாவது பெயர், வயது, இருக்கும் இடம், தேடிய சொல், பார்த்த படம், யாரோடு எப்போது தொடர்பு கொண்டார் என்பது போன்று ஓர் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை, விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதற்குப் பல காரணங்கள் சொல்கின்றன. அக்காரணங்கள் எல்லாவற்றிலும் இந்த மூன்று வகைகளும் ஒன்றோடொன்று கலந்து குழம்பிக் கிடக்கின்றன என்பதும், அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டிய கருத்துகள் திருவேங்கட மலையைச் சூழ்ந்து வளர்ந்த சமய மரபிலேயே தெளிவாக வகுக்கப்பட்டுள்ளன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திருமலையில் இந்த மூன்றும் ஒரே நாளில் ஒரே பக்தரின் கையால் நடக்கின்றன. 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனச் சீட்டுக்கு அவர் செலுத்துவது கட்டணம். அதற்கு ஈடாகக் குறித்த நாளும் நேரமும் கிடைக்கின்றன, கணக்கு அங்கே முடிகிறது. துணி சுற்றிய கொப்பரையான உண்டியலில் கைவிட்டுப் போடுவது காணிக்கை. அதற்கு ரசீது இல்லை, திருப்பிக் கேட்கும் எண்ணமும் இல்லை. கோயிலுக்குள் செல்பேசி கொண்டுபோகத் தடை இருப்பதால், வரிசைக்குள் நுழையும் முன் பாதுகாப்பு மையத்தில் அவர் கொடுத்துவிட்டுப் போகும் செல்பேசி இந்த இரண்டிலும் சேராது. ரசீதைக் காட்டினால் அது திரும்பி வர வேண்டும். திரும்பி வந்தால் மட்டும் போதாது, இடையில் எவரும் அதைத் திறந்து பார்த்திருக்கவும் கூடாது. அந்த மையத்தில் இருப்பவர் செல்பேசியை இரண்டு மணி நேரம் வேறொருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, ‘பொருள் கீறல் இல்லாமல் திரும்பக் கிடைத்துவிட்டதே, உங்களுக்கு என்ன நஷ்டம்’ என்று கேட்டால், அந்தக் கேள்வியை எவரும் பொருட்படுத்த மாட்டார்கள். இணையத் தளங்கள் கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான்.

இவ்வாறு ஒப்படைக்கப்பட்ட பொருளைத் தரும நூல்கள் நிக்ஷேபம் என்றும் நியாசம் என்றும் அழைக்கின்றன. மனுவின் பெயரால் வழங்கும் நூல், வழக்குகளைப் பதினெட்டாகப் பகுக்கும்போது, முதலில் கடனையும், இரண்டாவதாக நிக்ஷேபத்தையும், மூன்றாவதாக உடைமையாளர் அல்லாதவர் செய்யும் விற்பனையையும் வைக்கிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு எவ்வளவு எளிதில் சறுக்கி விழ முடியும் என்பதை அந்த வரிசையே காட்டிவிடுகிறது. கௌடலியரின் அர்த்தசாஸ்திரமோ, ஒப்படைத்த பொருளைத் தானே பயன்படுத்திக்கொண்டவர், இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ற கூலியை உடையவருக்குக் கொடுப்பதோடு, 12 பணம் தண்டமும் கட்ட வேண்டும் என்கிறது. பொருள் கெடவும் இல்லை, தொலையவும் இல்லை. பயன்படுத்தியதே அங்கே குற்றம். இதைவிட நுட்பமான ஒரு வகையையும் பழைய சட்ட நூல்கள் அறிந்திருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல், பேழையில் வைத்து மூடிக் கொடுக்கும் பொருளுக்கு உபநிதி என்று தனிப்பெயர் உண்டு. வாட்ஸப்பில் அனுப்பும் செய்தி, அனுப்பியவரும் பெறுபவரும் தவிர வேறு எவரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுச் செல்வதால், அது உபநிதியின் இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் பேழையை யார், யாருக்கு, எந்நேரத்தில், எந்தக் கருவியிலிருந்து அனுப்பினார் என்ற விவரங்கள் பேழைக்கு வெளியே நிற்கின்றன. விளம்பர வணிகத்தின் கண் பெரும்பாலும் விழுவது அங்கேதான்.

தமிழ் மரபில் இதன் கனத்தைச் சிலப்பதிகாரம் போல உணர்த்திய நூல் வேறில்லை எனலாம். மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். கோவலன் கொலையுண்டதில் மாதரிக்கு எந்தப் பங்கும் இல்லை. கண்ணகியை அவள் அன்போடு பேணினாள். அப்படியிருந்தும், அடைக்கலத்தைக் காக்கத் தவறினோம் என்ற துயரத்தால் அவள் தீயில் புகுந்தாள் என்ற செய்தி பின்னர் நீர்ப்படைக் காதையில் வந்து சேர்கிறது. ஓர் இடைச்சியின் மீது அரசின் சட்டமோ ஒப்பந்தமோ சுமத்தாத பொறுப்பு அது. ‘ஒப்படைத்தது நீங்களாகத்தானே’ என்ற சொல் அவள் வாயில் வருவதைக் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியாது.

வைணவ மெய்யியல் தன் மிக உயர்ந்த கருத்துக்கு இந்தச் சட்டச் சொல்லையே எடுத்துக்கொண்டது. தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாது என்று உணர்ந்த உயிர், தன்னைக் காக்கும் சுமையை இறைவனிடம் வைத்துவிடுவதே சரணாகதி. அதன் மையச் செயலுக்கு ஆத்ம நிக்ஷேபம் என்றும் பரந்யாசம் என்றும் பெயர். முன்னது தன்னை அடைக்கலமாக வைத்தல், பின்னது சுமையை ஒப்படைத்தல். வைணவ ஆசாரியரான வேதாந்த தேசிகர் இதை விளக்கிச் செய்த சிறுநூல்களில் ஒன்றின் பெயரே நியாச தசகம். இந்தச் சரணாகதிக்கு அவர் சொல்லும் அங்கங்களில் ஒன்று கோப்த்ருத்வ வரணம். ‘நீயே காக்க வேண்டும்’ என்று காப்பவனிடம் வாய்விட்டுக் கேட்பது என்பது அதன் பொருள். எல்லா உயிருக்குள்ளும் அந்தர்யாமியாக, உள்நின்று இயக்குபவனாக, இருக்கும் இறைவனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆயினும் அவன், கேட்கும்வரை காத்திருக்கிறான் என்பது தேசிகரின் நிலைப்பாடு. எல்லாம் அறிவது வேறு, அறிந்ததைக் கொண்டு ஓர் உயிரின் மீது செயல்படும் உரிமை வேறு என்ற வேறுபாடு இதில் அடங்கியிருக்கிறது. தனிநபர் தரவு பற்றிய இன்றைய விவாதம் முழுவதற்கும் இதைவிடக் கூர்மையான தொடக்கம் கிடைப்பது அரிது.

விளம்பரம் நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இவ்வேறுபாடு எங்கே மீறப்படுகிறது என்பது விளங்கும். சித்தூரில் இருக்கும் ஒருவர் திருமலையில் தங்கும் அறை பற்றிச் செல்பேசியில் தேடிவிட்டுப் பிறகு ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறார் என்று கொள்வோம். பக்கம் திரையில் விரியும் அந்தக் கணத்துக்குள், ஒரு நொடியிலும் சிறிய பொழுதில், அவர் கருவியின் அடையாள எண், இருக்கும் ஊர், முன்பு பார்த்தவற்றிலிருந்து ஊகித்த விருப்பங்கள் ஆகியவை விளம்பரம் வாங்கும் பல நிறுவனங்களுக்கு அனுப்பப்படுகின்றன. அவரது பார்வைக்கு ஏலம் நடக்கிறது. கூடுதல் விலை கேட்ட நிறுவனத்தின் விடுதி விளம்பரமோ வாடகைக் கார் விளம்பரமோ திரையில் வருகிறது. ஏலத்தில் தோற்றவர்களுக்கும் அந்த விவரங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன என்பதுதான் இதில் கவலைக்குரிய பகுதி. தங்கும் அறை தேட வேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காக அவர் வெளியிட்ட விவரம், அவர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத பலரின் கையில் தங்கிவிடுகிறது.

இதற்குச் சொல்லப்படும் நியாயங்கள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருப்பதே அவற்றின் உறுதியின்மைக்குச் சான்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதி 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தபோது, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் நிறுவனம், விளம்பரத்துக்கான தரவுப் பயன்பாடு பயனருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றத் தேவையானது என்று வாதிட்டது; அதாவது, அது விலை என்றது. அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 ஜனவரியில் அந்த வாதத்தைத் தள்ளி, 39 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதன் பின் நிறுவனம் ‘முறையான நலன்’ என்ற காரணத்துக்கு மாறியது. தொழில் நடத்துபவருக்கு இயல்பாக உள்ள நலனைக் கருதி, பயனரைக் கேட்காமலே தரவைக் கையாளலாம் என்பது அதன் கருத்து. 2023 ஜூலை 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், அந்நலன் மட்டும் இத்தகைய விளம்பரத்துக்குப் போதாது, பயனரின் இசைவு வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் மூன்றாவது வழி வந்தது: மாதக் கட்டணம் செலுத்துங்கள், இல்லையேல் விளம்பரத்துக்கு இசையுங்கள். 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் அந்தத் தேர்வையும் உண்மையான தேர்வாக ஏற்காமல் 20 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஒப்பந்தம், நலன், இசைவு என்று ஏழு ஆண்டுகளில் மூன்று காரணங்கள் மாறின. தரவைக் கொண்டு செய்த செயலின் இயல்பு மட்டும் மாறவில்லை. செயலை முதலில் தீர்மானித்துவிட்டுக் காரணத்தைப் பின்னர் தேடுவது நியாயம் காண்பதாகாது.

இந்தியாவில் இதே கதை, அதே நிறுவனத்துக்குச் சொந்தமான வாட்ஸப்பின் வழியாக நடந்தது. 2016இல் பயனர் விவரங்களைத் தாய் நிறுவனத்துடன் பகிர்வதாக அறிவித்தபோது, அப்போது பயனராக இருந்தவர்களுக்காவது விளம்பரப் பயன்பாட்டை மறுக்கும் வாய்ப்பு ஒரு மாத அளவில் தரப்பட்டது. 2021இல் வந்த புதிய கொள்கையில் அந்த வாய்ப்பும் இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பர் 18 அன்று 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்ததோடு, விளம்பரத்துக்காகத் தரவைப் பகிர்வதை ஐந்து ஆண்டுகளுக்குத் தடுத்தது; மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் அபராதத்தை நிலைநிறுத்தி, ஐந்தாண்டுத் தடையை நீக்கியது. ‘வேண்டுமானால் ஒத்துக்கொள், இல்லாவிட்டால் விலகிப் போ’ என்பதை இசைவு என்று அழைக்கலாமா என்பதே அவ்வழக்கின் உயிர்நாடி.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். தேசிகரைப் பின்பற்றும் வடகலை மரபு வேண்டுகோளை வற்புறுத்தினாலும், பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலை மரபு, இறைவனின் அருள் எந்தக் காரணத்தையும் எதிர்பாராமல் தானே வந்து காக்கிறது என்கிறது. குட்டி கேளாமலே அதைக் கவ்விச் செல்லும் தாய்ப்பூனை அதற்கு உவமை. ‘நீங்கள் தேடும் முன்பே உங்களுக்கு வேண்டியதைக் காட்டுகிறோம், பொருந்தாத விளம்பரத்தைவிடப் பொருந்தும் விளம்பரம் உங்களுக்கு நன்மைதானே’ என்று தளங்கள் சொல்வது இந்த உவமையின் சாயலில் அமைந்திருக்கிறது. ஆனால் தென்கலையார் அந்த அருளுக்கு நிர்ஹேதுக கிருபை என்று பெயரிட்டதை மறந்துவிடக் கூடாது: அதற்கு உயிர்களின் தகுதியோ முயற்சியோ காரணமில்லை, அதிலே வாணிபமும் இல்லை. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வது அதை மூன்றாமவரிடம் விற்பதற்காக அன்று. வடகலையார் மரபிலும் இது போன்ற ஓர் எல்லை இருக்கிறது. சரணாகதியில் காக்கும் சுமை மட்டுமன்றி, காப்பதால் விளையும் பயனும் இறைவனுக்கே என்று தேசிகர் சமர்ப்பிக்கச் சொல்கிறார். அடைக்கலம் ஏற்றவனே பயனையும் அடைவது அங்கு மட்டும் முறையாவது ஏனென்றால், உயிர் என்ற உடைமை முதலிலிருந்தே அவனுடையது. கடவுளுக்கு மட்டும் பொருந்தும் அந்த உடைமையுரிமையை ஒரு நிறுவனம் தனக்கென்று எடுத்துக்கொள்ளும்போது, இரு கலையாரின் வாதமும் அதற்குத் துணை வராது.

அறிதல் என்று தளங்கள் சொல்வதும் உண்மையில் அறிதல்தானா என்று கேட்க வேண்டும். திருப்பதியிலிருந்து சிறிது தொலைவில் இருக்கும் திருக்காளத்தியின் கண்ணப்பர் வரலாறு இதற்கு ஒளி தருகிறது. சேக்கிழார் சொல்லும் வரலாற்றில், சிவகோசரியார் காலையில் பூசைக்கு வந்தபோது, இறைவனின் திருமுன் வெந்த இறைச்சியும் எலும்பும் கிடக்கக் கண்டு, யாரோ ஒரு வேடன் இந்த அநாசாரத்தைச் செய்தான் என்று மனம் நொந்தார். அவர் கண்ட தடயங்கள் எல்லாமே உண்மை. அவற்றிலிருந்து அவர் வரைந்துகொண்ட ஆளோ முற்றிலும் பொய். அந்த இறைச்சியை வாயால் சுவைத்துப் பார்த்து நல்லதை மட்டும் கொண்டுவந்த வேடர் கண்ணப்பரின் அன்பைத் தடயங்கள் சொல்லவில்லை. ஆறாம் நாள் மறைந்து நின்று பார்க்கும்வரை அவருக்கு அது விளங்கவும் இல்லை. விளம்பரத் தளங்கள் ஒரு மனிதரைப் பற்றி உருவாக்கும் சித்திரம் சிவகோசரியாரின் முதல் நாள் சித்திரத்தைப் போன்றது. மருத்துவமனை பற்றித் தேடியவர் நோயாளியா, நோயாளியின் மகளா, நேர்ந்துகொண்டு மலைக்கு நடந்து செல்லப்போகும் தாயா என்பது தேடிய சொல்லில் இல்லை. தவறான சித்திரம் ஒருவரைத் தவறாகத் துரத்துகிறது. சரியான சித்திரம் அவர் எவருக்கும் சொல்லாத துயரத்தையே பிடித்து வந்து விற்பனைக்கு வைக்கிறது. இரண்டில் எது கொடியது என்று சொல்வது கடினம். பிந்தியதே கொடியது என்று கொள்வதற்கு இடம் இருக்கிறது.

கொடுத்த பொருள் வேறு பயனுக்குப் போவதே தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. திருமலையில் முடி களையும் இடமான கல்யாணகட்டாவில் மொட்டை போட்டுக்கொள்ளும் பக்தரின் முடி, நீளத்தின்படி தரம் பிரிக்கப்பட்டு, மின் ஏலத்தில் விற்கப்பட்டு, உலகின் பல நாடுகளுக்குச் செயற்கைக் கூந்தலாகப் போகிறது. இது ஊரறிந்த செய்தி. 2004இல் இந்த முடி பற்றி எருசலேமில் ஒரு சமயக் கேள்வி எழுந்தது. பழமை பேணும் யூதக் குடும்பங்களில் மணமான பெண்கள் செயற்கைக் கூந்தல் அணிவது வழக்கம்; வேறு தெய்வத்துக்குப் படைத்த பொருளால் பயன் பெறுவது அவர்கள் மறைச்சட்டத்தில் விலக்கு. திருமலையில் முடி களைவது படையலா, அன்றிப் பணிவின் அடையாளம் மட்டுமா என்பதை நேரில் அறிய ஒரு ரபி அனுப்பப்பட்டார். அது படையலே என்ற கருத்தின் அடிப்படையில் மூத்த ரபி எலியாஷிவ் அந்தக் கூந்தலுக்குத் தடை விதித்தார். நியூயார்க்கின் புரூக்ளினில் தெருவில் குவித்துக் கூந்தல்களை எரித்தார்கள். பல கைகள் மாறி, வண்ணம் மாறி, கடல் கடந்து வந்த ஒரு பொருளுக்கும் முதலில் கொடுத்தவர் என்ன மனத்தோடு கொடுத்தார் என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கிறது என்று அந்த அறிஞர்கள் கருதினார்கள் என்பது கவனிக்கத் தக்கது. விளம்பரத் துறையிலோ, முதல் கையில் இருந்த நோக்கம் இரண்டாம் கையிலேயே அழிந்துவிடுகிறது.

முடிக்கும் தரவுக்கும் இடையில் இன்னொரு வேறுபாடு உண்டு, வாதத்தின் பளு அதன் மீதுதான் நிற்கிறது. முடி தலையை விட்டு இறங்கியதும் ஆளை மறந்துவிடுகிறது. அந்தக் குவியலில் யாருடையது எது என்று நாவிதராலும் சொல்ல முடியாது. தரவு எவ்வளவு தூரம் போனாலும் கொடுத்தவரையே சுட்டிக்கொண்டிருக்கிறது. சுட்டாவிட்டால் அதற்கு விளம்பரச் சந்தையில் விலையே இல்லை. தன்னை விட்டு நீங்காத ஒன்றை ஒருவர் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார் என்பது சொல்லிலேயே முரண்பாடு. திருமலையை வைணவர்கள் புஷ்ப மண்டபம் என்பார்கள்; அங்கே பூவெல்லாம் இறைவனுக்கே என்பதால் மலைக்கு வரும் பெண்கள் தலையில் பூச்சூடுவதில்லை, களைந்த மாலைகளைப் பூங்கிணற்றில் சேர்ப்பதே பழைய வழக்கம். ஒரு நோக்கத்துக்கென்று வந்ததை, மணம் மிச்சமிருக்கிறது என்பதற்காக மட்டும் வேறு நோக்கத்துக்குத் திருப்புவதில்லை என்ற கட்டுப்பாட்டை அந்த வழக்கம் பேணியது. திருமலைக் கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானம் 2021இல் தன் கோயில்களில் களைந்த மலர்களைக் கொண்டு ஊதுவத்தி செய்யத் தொடங்கியபோதும் அதை வெளிப்படையாக அறிவித்தே செய்தது. பூ யாரையும் காட்டிக்கொடுப்பதும் இல்லை.

தளங்களின் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதற்கு நேர்மையாக இடம் தர வேண்டும். காளத்தியில் மூங்கில் பேனாவால் கலம்காரி வரையும் ஒரு குடும்பம், செய்தித்தாளில் பெரிய விளம்பரம் கொடுக்கும் பண வசதி இல்லாமலே, கைவினைத் துணியை விரும்பும் சென்னைக்காரரையோ சிங்கப்பூர்க்காரரையோ சில நூறு ரூபாயில் சென்றடைய முடிகிறது. இது சிறு நன்மை அன்று. எனினும் அந்த நன்மைக்கு ஆளைப் பின்தொடர்வது இன்றியமையாததா என்ற கேள்வி மிஞ்சுகிறது. கலம்காரி பற்றிய கட்டுரையின் ஓரத்தில் கலம்காரி விளம்பரம் காட்டினால், பார்ப்பவர் யார் என்று தெரியாமலே அது உரியவரைச் சேரும். திருப்பதியில் கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றிய கடைத்தெருவில் தொங்கும் பெயர்ப்பலகைகள் இவ்வாறே போகிறவர் வருகிறவர் எல்லோரையும் ஊரும் பேரும் கேளாமல் அழைத்துக்கொண்டிருக்கின்றன. இதில் வருவாய் குறையலாம். குறையும் தொகை, கேளாமல் எடுத்துக்கொண்டிருந்த பங்கின் அளவு.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இது ஏட்டளவு விவாதம் அன்று. ஆந்திர அரசு 2025 ஜனவரி 30 அன்று ‘மன மித்ரா’, அதாவது நம் நண்பன், என்ற பெயரில் 161 சேவைகளை வாட்ஸப் வழியாகத் தொடங்கியது. அலுவலகத்தில் கால்கடுக்க நிற்க வேண்டியிருந்த பலருக்கு அது உண்மையாகவே நண்பன்தான். ஆயினும் அரசின் வாசலே ஒரு விளம்பர நிறுவனத்தின் வீட்டுக்குள் திறக்கும்போது, அந்த வீட்டுக்குள் நுழைய மறுக்கும் உரிமை மெலிகிறது. திருமலையிலும் 2023 மார்ச் முதல் முகம் அடையாளம் காணும் கருவிகள் வந்தன. ஒருவரே மீண்டும் மீண்டும் டோக்கனும் அறையும் பெறுவதைத் தடுப்பதும் தரகர்களை ஒழிப்பதும் அதன் நோக்கம். அந்நோக்கம் நியாயமானது, அதற்குள் நிற்கும்வரை அது அடைக்கலம் காப்பதே.

இந்தியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. தரவைக் கையாளும் நிறுவனத்துக்கு அச்சட்டம் இட்ட ஆங்கிலப் பெயரை நேராகத் தமிழாக்கினால், நம்பி ஒப்படைத்ததைக் காப்பவர் என்றே வரும். கோயில் நிர்வாகத்தில் அறங்காவலர் என்று வழங்கும் சொல்லுக்கு மிக அருகில் நிற்பது அது. இசைவு கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று சட்டம் சொல்வதால், ஆந்திரத்தின் நகரியிலோ சத்தியவேட்டிலோ வாழும் தமிழர் தம் மொழியில் அதைக் கேட்டுப் பெறலாம். குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் சட்டம் விலக்குகிறது. பெரியவர்களுக்கோ இசைவு கட்டற்றதாக, குறித்த நோக்கத்துக்கானதாக, விவரம் அறிந்து தந்ததாக, நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். மாதக் கட்டணம் அல்லது விளம்பரம் என்ற ஏற்பாடு இந்தியாவுக்கும் வந்தால், ‘நிபந்தனையற்ற’ என்ற அந்த ஒரு சொல்லுக்குத் தரவுப் பாதுகாப்பு வாரியம் என்ன பொருள் கொள்ளும் என்பதைப் பொறுத்தே, நாட்டு மக்கள் நாள்தோறும் கைமாற்றும் விவரங்கள் விலையாக எண்ணப்படுமா, அடைக்கலமாக எண்ணப்படுமா என்பது முடிவாகும்.